தோளுக்கும் தண்டுக்கும் நடுவே

சூப்பர் ஹீரோக்கள் கூட்டமாக வரும் படத்தைப் பெரம்பலூரில் பார்த்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரும் அதே படம் பார்த்தவர்தான். நெற்றி நிறையத் திருநீறு. வலது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சண்டையெல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. ஒரு சக்தியும் இல்லாத அந்த ஆள எதுக்குக் கூட்டத்துல வச்சிருக்காங்க? அதாங்க குறை" என்றேன்.

"எனக்கு அது ஒண்ணுதாங்க புடிச்சுது. மத்தவனுங்க ஆளாளுக்கு முன்னால நிக்கப் பாக்குறானுங்க" என்றார். பிறகு தோளைக் காட்டி, "திருமழபாடியில சாமி தூக்குறேங்க. தோளு போயிடுச்சு. இந்தத் திருவிழாவுக்கு என்னைய ஒதுக்கிருவாங்களோன்னு இருக்கு."

திருவிழாவுக்குப் போனேன். மற்றவர்கள் பல்லக்கைச் சுமக்க, அவரும் தண்டைப் பிடித்தபடி வரிசையில் நடந்து வந்தார். அவர் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கைகூப்பி நின்ற நான், சாமியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.