நேர்ந்துவிட்ட சேவல்

என் கணவருக்கு இருதய அறுவை நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே முனியாண்டிக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டேன். அந்தப் பயத்தில் ஆடு என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கம் மூன்று கோழிகள் வளர்த்தோம்; கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. தினமும் நடக்கச் சொன்ன டாக்டர் எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. என் கணவர் கோழிகளின் பின்னால் நடந்தார். என்னிடம் பேசுவதைவிட அவற்றிடம்தான் அதிகம் பேசினார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வேண்டுதல் சேவலைப் பாசார் சந்தையில் வாங்கினேன். கோயில் பூசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தனியாகக் கட்டி வைக்கலாமே என்றார் அவர். சாமிக்கு நேர்ந்த உயிரைக் காலில் கயிறு போட்டு வைக்கக் கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். எங்கள் கோழிகளோடு விட்டேன். மரியாதைக்காக முதல் தீனியும் முதல் தண்ணீரும் அதற்கே வைத்தேன். அது குடித்த மிச்சத்தைத்தான் மற்ற மூன்றும் குடித்தன.

வந்த மறுநாள் சேவல் இரண்டு முறை தும்மியது. தூசி என்று நினைத்தேன். பிறகு அது தும்மவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, துணி எடுக்கப் போனபோது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கறுப்புக் கோழியின் தொண்டையில் சளி கரகரத்தது. மூச்சு விடும்போதெல்லாம் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. கண்ணோரம் நுரை கட்டியிருந்தது. அவர் மஞ்சள் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். இரண்டு நாளில் அது போய்விட்டது. அதற்குள் சிவப்பின் முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெண் கால்நடை மருத்துவரைப் பார்த்தோம். புதிதாக ஏதாவது வந்து சேர்ந்ததா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் சேவலைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தச் சேவல இனிமே எந்தக் கோழியோடயும் சேத்துடாதீங்க ஆன்டி. பாக்க நல்லாத்தான் இருக்கும். சீக்கு உள்ளயே இருக்கும்.”

தண்ணீரில் கலக்க மருந்து தந்தார். சிவப்பு பிழைக்கவில்லை. வெள்ளை, பூசைக்கு முந்தின நாள் காலையில் என் கணவருடைய மடியிலேயே மூச்சுத் திணறி அடங்கியது. அவர் அழவில்லை. வெறும் தரையில் நடந்துகொண்டே இருந்தார். வேலியோரம் சேவல் கணீரென்று கூவியது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இருந்தாலும் கொண்டுபோனேன். வேறு சேவல் வாங்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இதைத்தான் சாமி பெயர் சொல்லிக் கூடையில் எடுத்தேன், மாற்றினால் குற்றம் என்று நான் கேட்கவில்லை. குற்றம் யார் தலையில் விழும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நெஞ்சுத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

பூசாரி சேவலின் கொண்டையையும் கண்ணையும் பார்த்துத் தலையாட்டினார். மஞ்சள் தெளித்து, காலைக் கழுவி, சாமியைச் சுற்றி வந்தார். அந்தக் கோயிலில் சேவலை அறுப்பதில்லை. வளர்க்கக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். டெங்கிலிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார். வீட்டில் இருபது கோழிகள் இருக்கின்றனவாம், நல்ல சேவல்தான் இல்லையாம். பூசாரி என்னைக் கை காட்டினார்.

“சீக்கு ஒன்னும் இல்லையேக்கா?”

சீக்கு என்றால் காணிக்கை ஊனம். ஊனமான காணிக்கையைச் சாமி ஏற்காது. பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார், கை நெஞ்சின் மேல்.

“நல்ல சேவல்தான்மா,” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சந்தோஷமாகச் சேவலைத் தன் கூடைக்கு மாற்றிக்கொண்டார். மூடி போடும்போது உள்ளே அது ஒரு முறை தும்மியது. மஞ்சள் தூள் என்று சிரித்தார்.

காரில் திரும்பும்போது அவர் வெறும் கூடையை மடியில் வைத்திருந்தார். ஷா ஆலம் தாண்டியதும் லேசாக இருமினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.