மூன்று முறை வரும் வரி

என் தங்கை படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். இரண்டாம் ஜன்னல். காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு வரை அவள் முகம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ஆற்றின் மறுகரைக்கு நாற்பது நிமிடத்துக்கு ஒரு படகு. படகு கிளம்பியதும் துறை காலியாகிவிடும். பனி இறங்கும் மாதங்களில் படகு போவதே கண்ணுக்குத் தெரியாது. அதன் ஊதல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஆகிவிடும். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். தூரத்தில் இருந்து நடந்து வருகிறவள் மாதிரி மெதுவாகத்தான் நம்மைப் பார்ப்பாள்.

அதனால் துறையில் அவளுக்கு மிதப்பு என்று பெயர். வைத்தவர் முதல் ஜன்னல்காரர். ஐம்பது தாண்டியவர், வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா மிதப்பு, ஜன்னல் பக்கம் ஆள் நிக்கறாங்க. கொஞ்சம் இறங்கி வர்றியா?"

"வந்துட்டேன்ணே. நீங்க கயிறு போட்டு இழுக்காதீங்க."

நான் அவளைவிட ஆறு வயது மூத்தவன். எட்டாவது வரை படித்தேன். துறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பார்சல் கிடங்கில் எனக்கு வேலை. அன்றன்று வரும் விலாசங்களைப் பட்டியலாக எழுதி வண்டிக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். ஒரே விலாசம் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போகும். பத்தொன்பது வருடத்தில் ஒரு வண்டியும் அப்படிப் போனதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தங்கை பன்னிரண்டாவது முடித்தாள். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் அது. இரண்டாம் ஜன்னலில் ஆள் தேவை என்றார்கள்; போய் உட்கார்ந்தாள். மேலே படிக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் இல்லை, வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் இல்லை. பேச்சே எழவில்லை. அப்படியே பதினாறு வருடம் போயிற்று.

அவளைப் படிக்க வைத்தது டிக்கெட் அறையில் இருக்கும் இரும்பு அலமாரிதான். படகில் விட்டுப்போகும் பொருள்களை அதில் வைப்பார்கள். குடை, கண்ணாடி, ஒற்றைக் கையுறை, புத்தகம். குடைக்கு ஆள் வரும். புத்தகத்தைத் தேடி யாரும் வருவதில்லை. மூன்று மாதம் கழிந்தால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் இரண்டு புத்தகம் வந்தால் அவள் அவற்றை ஜோடியாகத்தான் படிப்பாள். ஒன்று துப்பறியும் கதையாக இருக்கும், மற்றது தோட்டம் போடுவது பற்றியதாக இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவாள்.

"ரெண்டுலயும் தோண்டறாங்கண்ணா" என்று ஒருநாள் சொன்னாள். "ஒருத்தர் விதைக்க, ஒருத்தர் கண்டுபிடிக்க. ரெண்டு பேருமே மண்ண மூடும்போதுதான் உண்மையச் சொல்றாங்க."

எனக்குப் பாதி புரிந்தது. என் மனைவி, "உன் தங்கச்சிகிட்ட ரேஷன் கார்டயும் தீப்பெட்டியயும் குடு, அதுலயும் ஒத்துமை கண்டுபிடிப்பா" என்றாள். ஆனால் தங்கை பேசும்போது அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்பவளும் இவள்தான்.

தோன்றுவதையெல்லாம் தங்கை எழுதி வைக்க ஆரம்பித்தாள். டிக்கெட் சுருளில் அச்சு மங்கிப் போன பகுதியைக் கிழித்துப் போடுவார்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நான்கு விரல் அகலம், கை நீளம், சில சமயம் ஆள் நீளம். அதில் பென்சிலால் எழுதுவாள். முதல் வரியில் சொல்ல வருவதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு இரண்டு நூலிலிருந்தும் சாட்சி. சாட்சியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும், தன் வார்த்தையில் மாற்றக் கூடாது. பிறகு எழுதியவர் அங்கே என்ன உத்தி செய்திருக்கிறார், அது படிக்கிறவர் மனதில் என்ன செய்கிறது என்று காட்ட வேண்டும். இவ்வளவும் ஒரே பத்திக்குள். பழைய பாடப்புத்தகம் ஒன்றிலிருந்து இந்த ஒழுங்கை அவளாகவே கற்றுக்கொண்டாள். ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள் ஒரு பத்தி முடிந்துவிடும்.

போன வருடம் மறுகரையில் இருக்கும் மாலைக் கல்லூரியில் இலக்கியப் படிப்பு தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சேரலாம், வயது தடையில்லை. பன்னிரண்டு இடம். விண்ணப்பத்தோடு, பொதுவான கருத்துள்ள இரண்டு படைப்புகளைப் பற்றி ஐந்து பத்தி எழுதித் தர வேண்டும். மேற்கோள்களைக் கடைசியில் தனித்தாளில் கொடுக்க வேண்டும். பிறகு நேரில் பத்து நிமிடப் பேச்சு. அறிவிப்பைத் துறைச் சுவரில் பார்த்தவள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் கை வைக்கவே இல்லை.

"போடறேன்ணா" என்றாள்.

"போடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் அலமாரிக்கு வந்த ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒன்று மெலிந்த கவிதைப் புத்தகம். அதில் கரையில் மகனுக்காக நிற்கும் ஒரு தாயைப் பற்றிய கவிதை. மற்றது ஒரு சிறுகதை. அதில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் தினமும் மாலை இரண்டு கோப்பை எடுத்து வைத்து, ஒன்றில் மட்டும் குடிக்கிறார். இரண்டும் காத்திருப்பைப் பற்றியவை. "ஒன்று சொல்லிச் சொல்லிக் காத்திருக்கிறது, மற்றது சொல்லாமலே காத்திருக்கிறது" என்று தொடங்கினாள். பதினொரு டிக்கெட் சுருளில் எழுதி முடித்தாள்.

சுருளாகக் கொடுக்க முடியாது, தாளில் தெளிவாக எழுத வேண்டும். அவள் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று கிடங்கில் சொல்வார்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை ஐந்து பத்தியும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேனே தவிர, என்ன சொல்கிறது என்று நின்று பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கோள் தாள். திங்கட்கிழமை காலை அவள் அதை உறையில் போட்டு, முதல் படகில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய கவிதைப் புத்தகம் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது. நான் எழுதிய வரிகள் அச்சில் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆசை. செவ்வாய்க்கிழமை மாலை எடுத்துப் புரட்டினேன். முப்பத்தொன்றாம் பக்கம்.

படகுகள் திரும்பிவிட்டன.
கயிறுகள் கட்டியாயிற்று.
இன்னும் ஒரு படகு இருக்கிறது.
இன்னும் ஒரு படகு இருக்கிறது.
இன்னும் ஒரு படகு இருக்கிறது.

முதலில் எனக்கு அச்சகத்தின் மேல்தான் கோபம் வந்தது. என் தங்கை சுருளில் செய்திருந்த அதே தவறு. தூக்கக் கலக்கத்தில் ஒரே வரியை மூன்று தடவை எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, நான் இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் எழுதியிருந்தேன். இங்கே அச்சிலும் அதே கோலம். சரிபார்க்க ஆள் இல்லையா இவர்களுக்கு என்று மனைவியிடம் நீட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாய்விட்டுப் படித்தாள். முதல் தடவை சாதாரணமாகப் படித்தாள். இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் தடவை குரல் அவளை அறியாமலே இறங்கிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, "பாவம். வரமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு" என்றாள்.

புத்தகத்தை வாங்கி அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தேன்; தவறு அச்சகத்துடையது இல்லை, என்னுடையது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் துறைக்குப் போனேன். ஆறு முழுக்கப் பனி. ஜன்னல் விளக்குகள் இரண்டும் தண்ணீருக்கு மேல் தொங்குவது போல இருந்தன. கண்ணாடியின் ஓட்டை வழியாகச் சொன்னேன்.

"அந்த மேற்கோள்ல ரெண்டு வரிய எடுத்துட்டேன்மா."

"எந்த ரெண்டு வரி?"

"ஒரே வரிதான். மறுபடி மறுபடி வந்துச்சு. தப்புன்னு நெனச்சுட்டேன்."

அவள் கையிலிருந்த டிக்கெட் சுருளைக் கீழே வைத்தாள். பிறகு, "மூணாவது பத்தி முழுக்க அதப் பத்திதான்ணா" என்றாள். "மூணு தடவ வருதுன்னு நான் அதுல சொல்றேன். நீ எழுதின தாள்ல ஒரு தடவதான் இருக்கு. சாட்சியே இல்லாம நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடுச்சு."

முதல் ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணன் தங்கச்சி மூஞ்சி ரெண்டும் இப்படி இருக்கு? ரெண்டு வரிதானே போச்சு?"

"அந்த ரெண்டு வரிதான்ணே மொத்தமும்" என்றாள்.

கல்லூரிக்குப் போன் செய்தாள். கொடுத்ததை மாற்றவும் முடியாது, எதையும் சேர்க்கவும் முடியாது என்றார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் விண்ணப்பித்திருக்கிறார்களாம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை நேர்முகப் பேச்சு. நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மேற்படி தவறு என்னுடையது, விண்ணப்பதாரருக்கு இதில் பங்கில்லை என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு வைத்திருந்தேன். படகில் அதைக் கொடுத்தேன். படித்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா வேண்டாம்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு மறுகரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் பனித்துளி நின்றது, துடைக்கவில்லை.

கல்லூரி அறையின் கதவு சரியாகச் சாத்தாது. வெளிப் பெஞ்சில் இருந்த எனக்கு உள்ளே பேசியது எல்லாம் கேட்டது. பேசியவர் ஒரு ஆசிரியை.

"மூணு தடவை வருதுன்னு ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கீங்க. மேற்கோள்ல ஒரு தடவைதான் இருக்கு. புத்தகத்தைப் பார்த்தீங்களா, ஞாபகத்துல எழுதினீங்களா?"

"புத்தகம் கொண்டுவந்திருக்கேன் மேடம். தாள்ல எழுதினது எங்கண்ணன். ஒரே வரி திரும்ப வந்தா தப்புன்னு எடுத்துட்டார்."

"குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க பார்த்திருக்கணும்."

"ஆமா மேடம். பார்க்கல. தப்பு என்னோடதுதான்."

தாள் புரளும் சத்தம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு தங்கையின் குரல், ஜன்னலுக்குப் பின்னால் இருந்து வருவது போலவே மெதுவாக.

"ஆனா அவர் எடுத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் மூணுன்னு எண்ணித்தான் எழுதியிருந்தேன். எண்ணினா போதாது. ஒரு தடவை மட்டும் இருந்தா அது வெறும் தகவல். நானே தினமும் டிக்கெட் ஜன்னல்ல சொல்றதுதான், இன்னும் ஒரு படகு இருக்குன்னு. கேட்டவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. ரெண்டாவது தடவை சொல்றாங்கன்னா, கேக்க அங்க ஆளில்லன்னு அர்த்தம். மூணாவது தடவை..."

"மூணாவது தடவை?"

"சொல்ற அந்தம்மாவே நம்பல மேடம்."

தாழ்வாரத்துக் கடைசியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது உங்க பத்தியில இல்லையே" என்றார் ஆசிரியை.

"இல்ல மேடம். அப்போ எனக்குத் தெரியாது."

"குடுத்ததை மாத்த முடியாது. ஆனா இந்தப் பத்து நிமிஷம் என்னோடது. நான் என்ன வேணா கேக்கலாம். வெளிய உட்கார்ந்து இதையே ஒரு பத்தியா எழுதிக் குடுங்க."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். நான் அழகாக எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். இந்த முறை எழுத்தைப் பார்க்காமல் வாக்கியத்தைப் பார்த்தேன். கடைசி வரிகள் இப்படி இருந்தன: "கடிகாரக்காரர் இரண்டாம் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தாய் ஒரே வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இருவரும் மறைப்பது ஒன்றைத்தான்: வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்."

ஆசிரியை கதவருகே நின்றபடியே அதைப் படித்தார். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சில இடங்களில் விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"வரிய எடுத்தவர் நீங்கதானா?"

எழுந்து நின்றேன். "ஆமாங்க மேடம்."

"நல்லவேளை, கதையில அந்த ரெண்டாவது கோப்பைய எடுக்காம விட்டுவச்சீங்க" என்றார்.

ஒன்பதாம் நாள் கல்லூரிப் பலகையில் பட்டியல் போட்டார்கள். அவளுடைய விண்ணப்ப எண் நாற்பத்தொன்று, ஏழாவது வரிசையில் இருந்தது. முதல் ஜன்னல்காரர் அதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது திங்களும் புதனும் மாலை ஐந்து இருபது படகில் அவள் மறுகரைக்குப் போகிறாள். முதல் நாள் நான் வழியனுப்பப் போயிருந்தேன். படகு பனிக்குள் நுழைவதற்குள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இருக்கையில் உட்கார்ந்த கையோடு புத்தகத்தைப் பிரித்துவிட்டாள்.