பெபாஸும் கெபாஸும்

மலாய் நாட்டுக்கு விடுதலை வந்த புதிதில், என் வீட்டுக்காரருக்கு எதைக் கேட்டாலும் விடுதலை என்றே காதில் விழுந்தது. அதன் பலனை அனுபவித்தது என் கால்.

இடுப்பிலிருந்து பாதம்வரை மாதக்கணக்கில் சுண்டி இழுத்த வலிக்கு ஆஸ்பத்திரியில் நரம்பு ஊசி போட்டார்கள். நர்ஸ் மலாயில் ஏதோ சொன்னார்.

"கால் பெபாஸ் ஆயிருமாம், சரசு! பெபாஸ்னா விடுதலை. இனி வலியே இல்ல லா!" என்று வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார்.

உண்மையிலேயே வலி காணாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். காஜா பேராங் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து உற்சாகமாக இறங்கினேன். கால் துணிபோல் மடிந்தது. சாக்கடை ஓரத்தில் விழுந்தேன். நல்லவேளை, தலையில் அடிபடவில்லை.

ஓடிவந்து தூக்கியவள் பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியில் இருக்கும் மீனாச்சி. தமிழ் வம்சம்தான் என்றாலும் அவள் வீட்டில் மலாய்தான் பேச்சு. என் காலைக் கிள்ளி, "கெபாஸ்?" என்றாள். கிள்ளியதே எனக்குத் தெரியவில்லை. கெபாஸ் என்றால் மரத்துப்போவதாம். நர்ஸ் சொன்னது அதைத்தான்!

"ஒரு எழுத்துதானே லா வித்தியாசம்!" என்றார் இவர்.

மாலையில் மரமரப்பு தெளிந்தது, வலியும் கூடவே திரும்பியது. சில நாட்கள் கழித்தே மெல்லத் தணிந்தது. இப்போதெல்லாம் ஊசி போட்டால், காலில் உணர்வு வரும்வரை நான் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. நர்ஸ் சொல்வதைக் கேட்டுச் சொல்ல மீனாச்சி வருகிறாள். இவரும் வருகிறார், தோள் கொடுக்க மட்டும். பேச்சுச் சுதந்திரம் இன்னும் கொடுக்கவில்லை.