பங்கோர்: முழங்காலுக்கு மேலே

போன பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாயும் புதனும் பங்கோர் தீவுக்குப் போய் வந்தோம். நான், பத்து வயது மகள் யாழினி, என் அக்கா. மனைவிக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. ஈப்போ பக்கமிருந்து பிள்ளைகுட்டிகளோடு போக நினைப்பவர்களுக்காக விவரங்களை எழுதி வைக்கிறேன். ஆனால் கடல் குளியல் எப்படி இருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நாற்பத்தொரு வயதாகிறது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

காரணம் இருக்கிறது. நாங்கள் ஈப்போவை ஒட்டிய லகாட்காரர்கள். வீட்டுக்குப் பின்னால் ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அண்ணன் குமரன் அதில் ஒன்றில் குளிக்க இறங்கினான், திரும்பி வரவில்லை. அவனுக்குப் பத்து வயது. அன்றைக்கு எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அக்கா, அவளுக்குப் பதினாறு. காரியம் முடிந்த அன்று அக்கா என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு. இப்போது அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் மீறவில்லை. அக்கா தலை அல்லவா.

இதில் ஒரு வில்லங்கம். யாழினி எட்டு மாதமாக ஈப்போவில் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். அக்காவிடம் சனிக்கிழமை தமிழ் டியூஷன் என்று சொல்லி வைத்திருந்தோம். கடலில் நீந்தியே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவுக்குத் தெரியாமல் கூட்டிப் போயிருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளையும் அழைத்துப் போய் அங்கே வைத்து உண்மையைச் சொல்லி, சம்மதம் கேட்பது என்று முடிவெடுத்தேன். கடலைப் பார்த்த காளி கோயில் இருக்கிறது, நெத்திலி மலிவு என்று மட்டும் சொல்லிக் கிளப்பினேன்.

காலை 7.10க்கு லகாட்டை விட்டோம். ஃபெரி ஏறும் லுமுட் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். வழியில் ஆயர் தாவாரில் பசியாறினோம்: மூன்று பேருக்கு ரொட்டி சானாய், தே தாரிக், 14 வெள்ளி. லுமுட்டில் காடியை நிறுத்த நாளுக்கு 15 வெள்ளி. ஃபெரி 9.45க்கு, போக வரப் பெரியவருக்கு 20 வெள்ளி, பிள்ளைக்குப் பாதி. முதலில் நிற்கும் இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிடாதீர்கள், அது சுங்கை பினாங் கெச்சில். பங்கோர் டவுன் அதற்கு அடுத்தது. கடல் கடக்கும் நேரம் முழுக்க அக்கா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் யாழினியின் சட்டையையும் பிடித்திருந்தாள்.

தீவில் டாக்சி என்றால் இளஞ்சிவப்பு வேன்தான். எங்களுக்கு வாய்த்தவர் செல்வம் அண்ணன், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். தெலுக் நிப்பா கடற்கரைக்கு 25 வெள்ளி. வழியில் கோயிலில் கால் மணி நேரம் காத்திருந்தார், அதற்குக் காசு கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மலாய்க்காரர் சாப்பாட்டுக் கடைகள் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும், அதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும் என்றார். குளிப்பதானால் கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயே, ஏனென்றால் அந்தப் பக்கம் போட் வேகமாக வரும். பிறகு கண்ணாடியில் யாழினியைப் பார்த்து, "பாப்பாவுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார். யாழினி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டோர மரங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அறை 130 வெள்ளி, கடற்கரைக்கு மூன்று நிமிட நடை. நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் இறங்கினோம். அக்கா மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தாள். யாழினி முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். அரை மணி நேரம் அப்படியே நின்றாள், நிமிடத்துக்கொரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தபடி. என் வாயில் கொழுக்கட்டை.

"எவ்வளவு நேரம்டா அவள அப்படியே நிக்க வைக்கப் போற?" என்றாள் அக்கா.

என்னக்கா என்று இழுத்தேன்.

"தமிழ் படிச்சிட்டு வர்ற புள்ளைக்கு வாரா வாரம் தலை ஈரமாவா இருக்கும்? நான் பள்ளிக்கூட கேண்டீன்ல வேலை செய்றவ லா. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன், அதை அவள் காதில் வாங்கவில்லை. எவ்வளவு தூரம் நீந்துவாள், மூச்சு எடுக்கத் தெரியுமா, எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் கடல் பக்கம் திரும்பினாள்.

"குமரனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. போகாதேன்னு மட்டும்தான் சொன்னேன்."

பிறகு எழுந்து, யாழினியைப் பார்த்துப் போ என்று கையை ஆட்டினாள்.

லைஃப் ஜாக்கெட்டோடு, கயிற்றுக்குள், யாழினி இருபது மீட்டர் போய்த் திரும்பினாள். அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது மீட்டரும் அக்கா கைலியோடு என் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை திரும்பி வந்து காலை ஊன்றியதும்தான் பிடி தளர்ந்தது. என் கையை அப்படியே தூக்கித் தன் தலைமேல் வைத்தாள், எடுத்தாள்.

"சத்தியத்த எடுத்தாச்சு. ஆனா இன்னிக்கு இறங்காத. முதல்ல கத்துக்க."

மாலை ஆறரைக்கு இருவாச்சிப் பறவைகள் விடுதி வாசலுக்கே வந்தன. இரவுச் சாப்பாடு, சுட்ட மீனோடு, 46 வெள்ளி. மறுநாள் நெத்திலி வாங்கிக்கொண்டு 11.30 ஃபெரியில் திரும்பினோம்.

போகிறவர்கள் கவனத்துக்கு: ஐப்பசி மழையில் போக வேண்டாம், கடல் கலங்கியிருக்கும். லைஃப் ஜாக்கெட் வாடகை 10 வெள்ளி. போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அளவு பெரிது. பிள்ளைக்குத் தெரியும் என்று விட்டுவிடாமல் கை எட்டும் தூரத்தில் ஒருவர் நில்லுங்கள், நீந்தத் தெரிந்தவராக. நான் நின்றதெல்லாம் கணக்கில் சேராது. தண்ணீரைக் காட்டி மிரட்டுவதோடு நிறுத்தாமல், கடலுக்குக் கிளம்பும் முன்பே பிள்ளைகளை ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

நானும் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, என்னோடு ஆறு பொடிசுகள், இடுப்பளவு தண்ணீர். அக்காவும் லகாட்டிலிருந்து எங்கள் கூடவே வந்துவிடுகிறாள். யாழினி அந்தப் பக்கம் ஆழத்தில் நீந்துவதை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மடியில் துண்டை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். நான் முங்கி எழும் ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து அவள் குரல் கேட்கிறது: "ம், ஒண்ணு. ம், ரெண்டு."