மூன்றாம் ஓலை வாசிக்காத ஞாயிறு

என் கல்யாணத்துக்கு யாராவது தடை சொல்ல வேண்டும் என்று மாதாவிடம் மண்டியிட்டுக் கேட்டவள் நான். செபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வந்த இடத்தில் இதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைப் பக்கம். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாமல், ஆசிரியர் பயிற்சி தரும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்திலோ கணித வாத்தியார் நிலைத்ததே இல்லை. விழுந்து எழுந்து இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். உயர்தரத்தில் மூன்று பாடமும் கிடைத்தது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அந்தத் தவக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் வேறு மனிதராக இருந்தார். “நான் இருக்கும்போதே உன் கழுத்துல தாலி ஏறணும்” என்றார். தெமோதரையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் அந்தோனி, வாகனம் திருத்தும் வேலை. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். இரண்டு பங்குக் கோயில்களிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கத் தொடங்கினார்கள்.

முதல் ஓலை வாசித்த வாரத்திலேயே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கல்லூரியில் சேர்பவர் மணமாகாதவராக இருக்க வேண்டும், தங்கிப் படிக்கும் காலம் முடியும்வரை மணம் செய்யவும் கூடாது. என் உயர்தரப் பெறுபேற்றுக்கு அந்த ஒரு தடவைதான் அழைப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். “அப்பா குடுத்த வாக்க மாத்தச் சொன்னா அவரு நெஞ்சு தாங்குமா?” என்று அழுதார். அதன்பின் நான் வாயே திறக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு, “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்” என்று சாமியார் வாசித்தபோது நான் தலையைத் திருப்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். பூசை முடிந்து எல்லோரும் போனபிறகுதான் மாதாவிடம் அப்படிக் கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கத்தில் அழுதேன். அந்தோனி எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

அந்த வாரம் பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். நின்றுபோன ஒரு லொறியைத் திருத்த அந்தோனி அங்கே வந்திருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார்.

“கிராம சேவகர்கிட்ட சான்றிதழ் எடுக்க. டீச்சர் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கு. கல்யாணம் முடிச்சா சேர்க்க மாட்டாங்க.”

எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் சட்டென்று திரும்பி லொறிக்கு அடியில் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, வழி முழுக்கப் பயந்துகொண்டே போனேன்.

மூன்றாம் ஞாயிறு எங்கள் ஓலை வாசிக்கப்படவில்லை. அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். சாமியார் எங்களைக் கூப்பிட்டு, “மாப்பிள்ளையே வந்து தடை சொல்லிட்டாரு. அவரு சொன்ன காரணம் திருச்சபைச் சட்டப்படி தடையே இல்ல. ஆனா அவரே வேணாங்கும்போது நான் எப்படி வாசிக்கிறது?” என்றார்.

அன்று பின்னேரம் அந்தோனி தன் தாயாரோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். “கல்யாணத்த நிறுத்தல மாமா. இவங்களுக்கு டீச்சர் படிப்புக்கு அழைப்பு வந்திருக்கு. படிச்சிட்டு வரட்டும், நான் காத்திருக்கேன்.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே தம்பி.”

“நீங்க இருக்கணும்னுதான் நாங்களும் செபம் பண்றோம். அப்படி இல்லாமப் போனாலும் நான் இருப்பேன் மாமா.”

அப்பா அழைப்புக் கடிதத்தை என்னிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு, “சரி, போய்ப் படி பிள்ள” என்றார்.

நேர்முகத் தேர்வில் தெரிவாகிக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் விடுமுறைக்குச் சேலை உடுத்தி வந்தேன். அப்பா லயத்து வாசலில் நின்று, “டீச்சர் வந்திருக்கு” என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார். இரண்டாம் வருடம் அவர் இறந்துபோனார். தாலியை அவர் பார்க்கவில்லை. அது இன்றும் வலிக்கிறது. அவருடைய சவப்பெட்டியை முன்னால் தூக்கியவர் அந்தோனி. படிப்பு முடிந்ததும் எங்கள் கல்யாணம் நடந்தது. இப்போது நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன்.

ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இந்த மனிதர் வேண்டாம் என்று நான் கேட்டேன். அந்த மனிதரையே அவர் எனக்குத் துணையாக அனுப்பினார். சொல்ல வெட்கப்படும் செபத்தையும் அவர் கேட்கிறார், நம்புங்கள். இங்கே இருக்கும் பெண் பிள்ளைகளே, அவரிடம் அழுது சொன்னதை வீட்டிலும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். யார் மனதை அவர் ஏற்கெனவே தொட்டு வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.