கிணற்றுக்குள் விட்ட புகை

அறுபதுகளில், மல்லாங்கிணற்றில் எங்கள் கிணற்றின் பாதி ஆழத்தில் மேடை கட்டி ஆயில் இன்ஜினை வைத்திருந்தோம். அதன் புகைக்குழாய் கிணற்றுக்கு மேலே வரை நீண்டிருக்கும். புது இன்ஜின் சத்தம் ஊருக்கே கேட்கட்டுமென்று ஒரு நாள் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டேன். கிணறே முழங்கியது, என் மூளை மட்டும் ஓடவில்லை.

"என்ன மாப்ளே, கெணத்துக்குள்ள ரயிலு ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா புருஷன் டீசல் ஊற்ற இறங்கினார். நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் ஏறி வரவில்லை. உள்ளே புகை அடைத்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி நான் அவர் இடுப்பில் கயிறு கட்ட, பக்கத்துத் தோட்டத்தார் தூக்கினார்கள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"குளாய் தானா களண்டுருச்சு போல மாப்ளே. நீ உள்ள போயிராத."

"சரி மச்சான்" என்றேன்.

ஊருக்கே கேட்க இன்ஜினை முழங்க வைத்தவனுக்கு, "நான்தான் கழற்றினேன்" என்று அவர் காதருகே சொல்ல இன்றுவரை குரல் எழவில்லை.