பெண் பார்க்க வந்தவர்களும் மாமாவின் லிங்க்கும்

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா கேசரிக்கு ரவை வாங்கினாள். மாமா ஸ்லைடு செய்ய உட்கார்ந்துவிட்டார். போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரிகள் கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? என் தலை கிடைத்தது. வடகரையில் எங்கள் தென்னந்தோப்பு, பட்டாளத்தில் இருக்கும் அண்ணன், என் ஜாதகம், நான் செய்யும் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், நடுநடுவே லிங்க்குகள். அவருடைய அரதப்பழசான லேப்டாப்பில் அதை அப்படியே வெப் பேஜாகச் சேமிக்க முடியும். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருமணத்துக்குப் பின் வேலையை விடப் பெண்ணுக்குச் சம்மதம்."

குற்றாலத்து லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் வேலை. தென்காசியில் ஒரு சின்ன அறை, நானும் ஒரு தோழியும். அதை விடுவதாக நான் கனவில்கூடச் சொன்னதில்லை.

"யாரக் கேட்டு மாமா இத எழுதுனிய?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்ட்டி. கல்யாணம் முடியட்டும், பெறவு பாத்துக்கிடலாம்."

பேச்சுக்காம்! அம்மாவிடம் போனால், "மாமா நல்லதுக்குத்தான செய்யுதாரு" என்றாள். நல்லதாம், மண்ணாங்கட்டி.

அந்த எரிச்சலிலும் தொழில் புத்தி விடவில்லை. லிங்க்கைத் தொட்டால் திரையில் அதே ஜன்னலில் திறந்து ஸ்லைடு காணாமல் போய்விடும், வெளியே போகிற லிங்க் எல்லாம் புது ஜன்னலில் திறக்கிற மாதிரி வையுங்கள் என்று சொன்னேன்.

"ஒரு ஜன்னலு போதும்லா. நாலு பேரு முன்னால ஒண்ணு மேல ஒண்ணாத் தொறந்துக்கிட்டே போனா அசிங்கம்."

மாப்பிள்ளை வீட்டார் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். சீசன் நேரம் வேறு. அருவியில் குளித்துவிட்டு அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று, ஈரத் தலையும் குடையுமாக வந்து இறங்கினார்கள். என்ன ஒரு சிக்கனம்!

டிவியில் ஸ்லைடு ஓடியது. "பொண்ணு செஞ்ச வேலையப் பாருங்க" என்று மாமா லிங்க்கைத் தட்டினார். ஒரு லாட்ஜின் பக்கம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்லைடைக் காணோம். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சீசனுக்கு இங்கன ரூம் கெடைக்குமா அண்ணாச்சி?"

மாமா திரும்பி வர வழி தெரியாமல் எதையெதையோ அழுத்தினார். லாட்ஜின் குளியலறை பெரிதாக வந்து நின்றது. வந்தவர்கள் அதையும் அக்கறையாகப் பார்த்தார்கள்.

"ஏட்டி, இங்கன வா" என்றார் மாமா, வேர்த்துப்போய்.

அப்படியே விட்டிருந்தால் கடைசிப் பக்கம் வந்திருக்காது. ஆனால் மாமாவுக்கு வாய் இருக்கிறதே! நான் இல்லாத இடத்தில் அதைச் சொல்லாமல் இருப்பாரா? வரட்டும், என் கண் முன்னாலேயே வரட்டும் என்று லேப்டாப்பை வாங்கினேன். அந்தக் கோப்பைத் திறந்து, வெளியே போகிற லிங்க்குகளில் புது ஜன்னலில் திறக்கச் சொல்லும் குறியீட்டைச் சேர்த்துச் சேமித்தேன். இப்போது லாட்ஜ் தனியாகத் திறந்தது. அதை மூடினால் ஸ்லைடு இருந்த இடத்திலேயே இருந்தது. நானே ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"பொண்ணே சம்மதிச்சிட்டா பெறவு என்ன" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நான் சம்மதிக்கல. இது மாமா அடிச்சது. என் வேலைய நான் விடமாட்டேன்."

மாமாவின் மூஞ்சி செத்துப்போனது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க என்ன சொல்லுதிய?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெளிய சாரல் அடிக்கி. போறப்ப குடைய மறந்துராதிய" என்றேன்.